எட்டுக்கு அப்புறம் பத்து

காலை ஐந்தே முக்கால். ஆளில்லாத ரோடு. எந்த ஊருக்கும் போகாத ரோடு அது… கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும்.

நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள், ஆடிக்கொண்டே இருக்கிறது. இது நம்ம போட்டோக்காரன் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவன் அக்கா என்று கூப்பிடுவான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு வேலை, தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்தின் கட்டுப்பாட்டு அறையில். அவள் ஸ்விட்சைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் பைக்குகள் தடத்துக்குள் போகலாம்.

"பேய் எப்ப வரும்?"

வரும்டா. முதலில் அந்த ரோடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பேய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்கூட உனக்குத் தெரியாது.

போர்க்காலத்தில் அது விமானம் இறங்கும் ஓடுபாதை. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, புல் முளைத்துவிட்டது. அப்போதெல்லாம் பையன்கள் பந்தயம் ஓட்டியது நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே. வாரத்துக்கு ஒரு வீட்டில் சாவு. மெக்கானிக்குகள் நாலு பேர் சேர்ந்து அந்த ஓடுபாதையைக் கேட்டு வாங்கினார்கள். எண்ணெய் டிரம்களை நிறுத்தி வைத்து, இதுதான் வளைவு என்றார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் பின்னால் தேசியத் தடமானது. ஹெல்மெட்டைச் சோதிப்பதும் அங்கேதான், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வளைவில் வண்டியை ஒடிக்கப் பழகுவதும் அங்கேதான். வேகத்தை ரோட்டிலிருந்து பிடித்து இழுத்து வந்து, வேலிக்குள் விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அக்காவும் அப்படித்தான் தன் தம்பியை இழுத்து வந்தாள். அவனுக்குப் பட்டப்பெயர் பம்பரம். ஒரு இடத்தில் நிற்க மாட்டான். நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தடத்தில் கொடி காட்டும் வேலையில் சேர்த்துவிட்டாள்.

"உன்னை இங்க நிக்க வெச்சாத்தான்டா எனக்குத் தூக்கம் வரும்."

"நிக்கச் சொல்லி சம்பளம் குடுக்கற ஒரே வேலை இதுதான்க்கா. எனக்குப் போய் இதக் குடுக்கறியே!"

தடத்தைச் சுற்றிக் கொடிக்காரர்கள் நிற்கும் இடத்துக்குப் போஸ்ட் என்று பெயர். ஒரு போஸ்ட்டில் நிற்பவனுக்கு அடுத்த போஸ்ட் கண்ணில் பட வேண்டும், அதுதான் விதி. ஒன்றிலிருந்து பதினாலு வரை எண். ஆனால் ஒன்பது கிடையாது.

முன்பு இருந்தது. பழைய ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு மோசமான வளைவு. ஒருநாள் பைக் ஒன்று நழுவி வந்து, அங்கே நின்ற கொடிக்காரரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வளைவை வெட்டி நிமிர்த்தினார்கள், போஸ்ட்டை இடித்தார்கள். எண்ணை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய விபத்துக் காகிதங்களில் எல்லாம் எண்தான் அடையாளம், மாற்றினால் குழப்பம் என்றார்கள். கொடுத்திருந்தாலும் வாங்க ஆள் இல்லை. அதனால் எட்டுக்கு அப்புறம் பத்து. மொத்தம் பதிமூன்று போஸ்ட்.

பச்சை போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ரேடியோவில் வரிசையாகச் சொல்ல வேண்டும். "ஒண்ணு சுத்தம்." "ரெண்டு சுத்தம்." பாதையில் ஆளில்லை, எண்ணெயில்லை என்று அர்த்தம். மளமளவென்று வரும். முதல் எண்ணை எழுதி முடிப்பதற்குள் மூன்றாவது குரல் வந்துவிடும். அதனால் அக்கா எண்ணை எழுத மாட்டாள், கோடுதான் போடுவாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று… ஐந்து. அப்படி இரண்டு கட்டு, தனியாக மூன்று கோடு. அந்த உருவம் வந்துவிட்டால் பச்சை. ஆறு வருஷம் இப்படித்தான் போட்டாள். காது கேட்கும், ஆனால் நம்பியது கண்ணைத்தான்.

அன்றைக்குப் பனிமூட்டம். தேசியப் போட்டிக்கு முந்தின பயிற்சி. பன்னிரண்டு பைக்குகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. ஜன்னல் வழியாகப் பெட்ரோல் வாசனை… ஈரப் புல் வாசனை… காலையிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், பென்சிலைச் சீவினாள், சீவினதையே மறுபடி சீவினாள்.

ஆறு பத்து. வரிசை ஆரம்பித்தது. கோடு, கோடு, கோடு. நடுவில் ஒரு குரல் கொஞ்சம் கரகரப்பு. பனிக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டு கட்டு, மூன்று கோடு.

பச்சை.

பன்னிரண்டு பைக்கும் சீறிக்கொண்டு போய்ப் பனிக்குள் மறைந்தன.

அதற்கப்புறம்தான் படிவம் நிரப்புவாள். போஸ்ட் எண்களுக்கு எதிரே கையெழுத்து. ஏழு… எட்டு… பத்து. பத்துக்கு நேரே பேனா நின்றது.

பம்பரம் வழக்கமாக "பத்து சுத்தம்க்கா" என்பான். எத்தனை தடவை திட்டியிருக்கிறாள், ரேடியோவில் உறவு கொண்டாடாதே என்று. இன்றைக்கு அந்த "க்கா" வரவில்லை.

எட்டுக்குப் பிறகு வந்தது அந்தக் கரகரத்த குரல். அது சொன்னது… இப்போதுதான் அவளுக்குக் காதில் விழுகிறது…

"ஒன்பது சுத்தம்."

அப்படியென்றால் பத்து பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவன் எங்கே இருப்பான்? பாதையில்தான்.

பைக்குகள் கிளம்புகிற இடத்திலிருந்து பத்தாம் போஸ்ட்டுக்கு ஐம்பது நொடி. பதினைந்து போய்விட்டது. ரேடியோவை எடுத்து அழுத்தினாள். போகவில்லை. அந்த ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும். ஒருத்தன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் மற்ற அத்தனை பேரும் ஊமை. யாரோ அழுத்திக்கொண்டிருந்தார்கள். சரளைக் கல்லில் மெல்ல நடக்கிற சத்தம்… மூச்சுச் சத்தம்…

ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினாள்.

"சிவப்பு! சிவப்பு காட்டுங்க! என் தம்பி உள்ள இருக்கான்!"

கீழே நின்ற கொடிக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. விசிலை ஊதிச் சிவப்பை ஆட்டினார். பனிக்குள் ஒன்றாம் போஸ்ட் அதைப் பார்த்தது, தானும் ஆட்டியது. ஒன்றைப் பார்த்து இரண்டு. இரண்டைப் பார்த்து மூன்று. ரேடியோ இல்லாத காலத்து வழி அது. கண்ணுக்குக் கண் கொடுத்து ஓட வேண்டும். கொடி பைக்கை முந்த வேண்டும்.

அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை, வெள்ளையாகப் பனிதான். காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். விசில்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தூரம் போயின. இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பத்து… பதினொன்று… ஒன்று மட்டும் அடங்கவில்லை. அது எட்டாம் போஸ்ட் தாண்டிப் போகிறது… ஒரு கிறீச்… இழுத்துக்கொண்டே போகிற கிறீச்.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் கையில் ரேடியோ மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, 'டிக்'. பொத்தானை விட்ட சத்தம். உடனே எட்டாம் போஸ்ட்காரரின் குரல் பாய்ந்து வந்தது.

"கன்ட்ரோல், எட்டு! பம்பரம் இருக்கான். உயிரோட இருக்கான். கெட்ட வார்த்தையில திட்டிட்டிருக்கான், அந்தளவுக்கு நல்லா இருக்கான்!"

அக்கா படியிறங்கி ஓடினாள்.

நடந்தது இதுதான். எண்ணெய் சிந்தியிருக்கிறது. பம்பரம் மண்டிபோட்டு அதன் மேல் சிமெண்ட் தூவிக்கொண்டிருந்தான். சிமெண்ட் எண்ணெயைக் குடித்துவிடும், டயர் வழுக்காது. அவன் ரேடியோவில் பேட்டரி செத்துப் போயிருந்தது. பைக் அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"பேட்டரி செத்ததுமே ஓரமா வந்து நிக்க வேண்டியதுதானேடா!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்கு? என் குரல் வராம நீ பச்சை போட மாட்டியேக்கா."

அவன் இடுப்பிலிருந்து அந்த ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரேடியோவில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். விசாரணைக்காக அன்று சாயங்காலமே போட்டுக் கேட்டார்கள். அறையில் அக்காவும் ஒலிப்பதிவுக்காரரும் மட்டும். செத்த பேட்டரியோடு பம்பரத்தின் ரேடியோ அவள் மடியில். கீழே வாசலில் அவன் யாரையோ கிண்டல் செய்து சிரிப்பது கேட்கிறது.

எட்டு சுத்தம். ஒன்பது சுத்தம்… ஒலிப்பதிவுக்காரர் அந்தக் குரலை மூன்று தடவை போட்டார். யாரென்று தெரியவில்லை. தடத்தில் வேலை செய்கிற யாருடைய குரலும் இல்லை அது.

"மேல ஓட விடுங்க," என்றாள் அக்கா.

அடுத்து அந்த அழுத்திப் பிடித்த பொத்தான். சரளையில் காலடி. மூச்சு. அன்றைக்குக் காலையில் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது அவள் கேட்காத ஒரு துண்டு அதில் இருந்தது. காலடி நிற்கிறது. மூச்சு கிட்டத்தில் வருகிறது. பிறகு ஒரு குரல். கரகரப்பு இல்லை. கோபம்கூட இல்லை. அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த, கீழே இப்போது சிரித்துக்கொண்டிருக்கிற, அதே குரல்.

"அக்கா… ஏன்க்கா பச்சை போட்ட?"