மெஷினுக்குச் சூடம்

"சூடம் காட்டுற வரைக்கும் அந்த மெஷின் நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு."

திண்டுக்கல்லிலிருந்து அய்யலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து இது வந்தது. இதைக் கேட்ட பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது? பிஸ்கட் கம்பெனி சட்டை போட்ட இரண்டு பேர். பேசியவர் மூத்தவர், மற்றவர் வேலைக்குப் புதுசு. கடை கடையாகப் போய் ஆர்டர் பதிகிற கையடக்கக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேச்சு.

"கீழ விழுந்தாலும் உடையாதுன்னாங்களேண்ணே?"

"எங்க உடைஞ்சுச்சு? வண்டியில இருந்து விழுந்துச்சு, மழையில ஊறுச்சு, அய்யலூர் சந்தையில கெடா மிதிச்சுச்சு. ஒண்ணும் ஆகல. போன வருஷம் ஆயுத பூஜையன்னிக்கு மானேஜர் எல்லா மெஷினையும் வரிசையா வச்சு, பொட்டு வச்சு, ஒவ்வொண்ணு மேலயும் வெத்தலையப் போட்டு சூடத்தப் பத்த வச்சாரு. அம்புட்டு மெஷினும் மூஞ்சி உருகிப் போச்சு."

"ஹெட் ஆபீஸ்ல கேக்கலையா?"

"கேட்டாங்க. வேடசந்தூர் வெயில் தாங்காம உருகிருச்சுன்னு எழுதிட்டாரு. அவங்களும் பாவம், கமிட்டி போட்டு, பாலைவனத்துல வேலை செய்யிற மெஷினாத் தேடி வாங்கியிருக்காங்க. நாளைக்கு வருது."

"அடுத்த வாரம் ஆயுத பூஜையாச்சேண்ணே. இதுக்கும் சூடம் உண்டா?"

"பின்ன? வெல கூடுன மெஷினாச்சே! பெரிய கட்டியா வாங்கிட்டு வரச் சொன்னாரு. இந்தா, பையில அதான் இருக்கு."