பினாங்குச் சாவுக் கடுதாசி

தாழ்ப்பாளா? ஆமா, நான்தான் போட்டேன். ஒண்ணுமில்ல சின்னத்தாத்தா, ஒக்காருங்க. எனக்குந்தான் வேர்க்குது. பரீட்சைக்குப் போனப்பகூட இப்படி வேர்த்ததில்ல.

கடுதாசியக் கொண்டாந்திருக்கேன். போன வாரம் நீங்களே ஆணியிலேர்ந்து கழட்டிக் குடுத்தீங்கள்ல, கண்ணாடி போட்டது, அதேதான். ஒங்க அண்ணன், எங்க தாத்தா உடையப்பன், பினாங்குல காய்ச்சல் கண்டு செத்துட்டாருன்னு ரப்பர் தோட்டத்துத் தொரை அனுப்புன சாவுக் கடுதாசின்னு முப்பது வருசமா சொல்லிக்கிட்டிருக்கீங்களே. ஆடி அமாவாசைக்கு எங்கப்பா வந்து இதுக்குத்தான் சந்தனமும் குங்குமமும் வச்சு விழுந்து கும்பிடுவாரு.

எதுக்குக் கேட்டேனா? நம்ம குடும்பத்துல மொத பி.ஏ. நான்தான. தோட்டத்துப் பேரப் பாத்து இங்கிலீசுல எழுதிக் கேளுடா, எங்கய்யாவ எங்க பொதச்சாங்கன்னு, அப்படின்னாரு அப்பா. ஒரு புடி மண்ணு வந்தாப் போதும்னாரு. அம்புட்டுத்தான் அவரு ஆசை.

வெளிய முத்திரை மட்டுந்தான தெரியும். மடிச்ச வாக்குலயே கண்ணாடி போட்டுட்டீங்க. கழட்டிப் பிரிச்சேன். சின்னத்தாத்தா, இது சாவுக் கடுதாசி இல்ல. கப்பல் டிக்கெட்டு. பினாங்குலேர்ந்து நாகப்பட்டினத்துக்கு. எறங்குன தேதி குத்தியிருக்கு, முப்பத்தொண்ணாம் வருசம் பிப்ரவரி இருபது. மாசி. அதே வருசம் பங்குனியில நீங்க சாவு சொன்னீங்க.

எறங்கி எங்கயாச்சும் போயிருப்பாருங்கிறீங்களா? அப்ப டிக்கெட்டு மட்டும் ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?

பூச்சி அரிச்சதுன்னீங்கள்ல, இந்த நாலு ஓட்டை? இப்ப மடிக்கிறேன், பாருங்க. நாலும் ஒண்ணா வந்து ஒக்காருது. ஒரே குத்து. சட்டைப் பையில, இந்தா, நெஞ்சுக்கு நேரா வச்சிருந்திருக்காரு. ஓரமெல்லாம் கருஞ்செவப்பாக் காஞ்சு கெடக்கே, நாங்க குங்குமம் ஊறுனதுன்னு நெனச்சோம்.

ஐயோ... கழுத்த விடுங்க. விடுங்கன்னா! வி...

ம். சட்டை போச்சு. ஒதடுதான் கிழிஞ்சிருக்கு, பரவால்ல. எழுவது வயசுலயும் என்னா புடி. அப்ப ஒங்களுக்கு நாப்பது. பாவம், கத்தக்கூட நேரம் இருந்திருக்காது. பொட்டியக் கீழ எறக்கி வச்சாரா, தலையில இருக்கையிலயே குத்திட்டீங்களா?

மாடத்துல துழாவாதீங்க. அருவாள நேத்து கொல்லையிலயே மறந்து போட்டுட்டு வந்துட்டீங்க.

அந்தக் கொல்லைக் காடே தாத்தா வாங்கிப் போட்டதுதான. திரும்பக் கேட்டுருவாருன்னு நெனச்சிருப்பீங்க.

எடத்த நீங்க சொல்லவே வேணாம். கொல்லை மூலையில முனிக்கல்லு இருக்குல்ல, அத நீங்க எப்ப நட்டீங்கன்னு அப்பாவக் கேட்டேன். அதே பங்குனின்னாரு. சேவல் அறுத்து ரத்தம் ஊத்துறீங்க, சரி. ஊர்ல இருக்கிற முனியெல்லாம் சுருட்டும் சாராயமும் கேக்கும். ஒங்க முனிக்கு மட்டும் எதுக்கு பிஸ்கோத்து? தாத்தா பினாங்குலேர்ந்து டப்பா டப்பாவா அனுப்புவாராமே. பயந்துதான படைச்சீங்க? சின்னப்புள்ளையில அந்தக் கல்லு முன்னால ஒக்காந்து அத வாங்கித் தின்னவன் நானு.

காலையில கல்லப் பொரட்டுனோம், நானும் அப்பாவும். இடுப்பளவுகூட நீங்க தோண்டல. தாத்தாவோட தங்கப் பல்லு அப்படியே இருந்துச்சு. மண்டையில மூணு வெட்டு. குத்தோட விட்டிருக்கலாம்ல? அப்பா அந்த மண்டைய மடியில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் மண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அப்பறம், கண்மாயில தலை முழுகிட்டு வாரேன்டான்னு எந்திரிச்சாரு. போறப்ப ஒங்க அருவாளையும் எடுத்துக்கிட்டாரு. நான் குறுக்கால, அவருக்கு முந்தி இங்க ஓடியாந்துட்டேன்.

போலீசா? பக்கத்து வீட்டு ஐயனார சைக்கிள்ல திருமயம் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கேன். ஜீப்பு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

அந்தா, சத்தம் கேக்குதா? எங்கப்பாதான். நீங்க ஓடிராம இருக்கவா தாழ்ப்பாள் போட்டேன்னு நெனச்சீங்க? அவரு உள்ள வராம இருக்கத்தான் போட்டேன். அந்த மூலைக்குப் போயிருங்க. தாழ்ப்பாளு பழசு, நான் முதுகக் குடுத்துப் புடிச்சுக்கிறேன். ரொம்ப நேரம் புடிப்பேன்னு மட்டும் சொல்ல மாட்டேன் சின்னத்தாத்தா.