மைக்கு சொன்ன சாட்சி

— நீ தோலைச் சீவறியா கண்ணு, கிழங்கையே சீவறியா? பாதி குப்பைக்குப் போகுதே.

— கத்தி பழக்கமில்லக்கா. வீட்ல அம்மா என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க.

— அதான் கிழங்கைப் பாத்தாலே தெரியுதே. கொண்டா, நான் சீவிக்கறேன். நீ போய்க் கொஞ்சம் படு. ஊழியத்துக்கு வந்த பிள்ளைங்களுக்கு இன்னைக்கு ஓய்வு நாள்னு உங்க குழுத் தலைவர், அதான் நீங்கல்லாம் பெரியண்ணன்னு கூப்பிடறவரு, காலையில ஜெபத்துலயே சொன்னாரே.

— காலையில ஓய்வு, அப்புறம் ஆளுக்கு ஒரு சேவைன்னுதான் சொன்னாரு. பசங்க சர்ச்சு ஜன்னலெல்லாம் துடைக்கறாங்க. பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நான்தான் சமையலறை வேணும்னு கேட்டு வாங்கிட்டேன்.

— எதுக்கு? அங்கயாவது காத்து வரும். இங்க கிழங்கோட சேந்து மனுஷியும் வேகணும்.

— இங்கன்னா யாரும் பேச்சுக் குடுக்கமாட்டாங்கன்னு நினைச்சேன்.

— சரியாப் போச்சு. போயும் போயும் என்கிட்ட வந்து மாட்டினியா? எனக்குச் சம்பளமே பேசறதுக்குத்தான்னு பாஸ்டரம்மா சொல்லுவாங்க. ஆமா, உன்னை ஏன் எல்லாரும் மைக்கு மைக்குன்னு கூப்பிடறாங்க? பெத்தவங்க வச்ச பேரு என்னாச்சு?

— மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குமாம் என் குரல்.

— கேட்டுச்சு கண்ணு. அன்னைக்குக் கூட்டத்துல நான் கடைசி பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன், பாத்திரம் கழுவின ஈரக்கையோட. உன் கூடப்பொறந்த அண்ணனைப் பத்தி நீ சாட்சி சொன்ன பாரு, என் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

— அந்தக் கதை வேண்டாமேக்கா.

— கதைன்னு சொல்லாத. குடிச்சுட்டுத் தெருவுல கிடந்த பையன், நீங்க எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபிச்ச ராத்திரியே பாட்டிலைத் தூக்கி எறிஞ்சான், அதுக்கப்புறம் தொடவே இல்லைன்னு சொன்னியே. ஒரு வார்த்தை விடாம அப்படியே நெஞ்சுல நிக்குது.

— நாளைக்குக் கூட்டத்துலயும் சொல்லணுமாம். பெரியண்ணன் சொல்லிட்டாரு.

— சொல்லு. நல்லாச் சொல்லு. எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உட்கார வைக்கறேன்.

— அவரும் குடிப்பாரா?

— என்னத்தைச் சொல்ல. குடிக்காதப்போ தங்கம். பிள்ளைக்குத் தலை வாரி ரிப்பன் கட்டிவிடறதெல்லாம் அவர்தான். குடிச்சா கண்ணு மண்ணு தெரியாது. எங்களுக்கு ஒரே பொண்ணு, இப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கா. போன மழைக்காலத்துல, அழுகையை நிறுத்தலைன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்துச் சுவத்துப் பக்கம் வீசிட்டாரு. எலும்பு முறிஞ்சுபோச்சு. கட்டுப் பிரிச்சும் கை முழுசா நீட்ட வரல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தக் கையாலதான் எழுதறா.

— ஐயோ அக்கா.

— அன்னைக்கே துணிமணியைத் தூக்கி வாசல்ல போட்டுக் கதவைச் சாத்தினேன். அவங்க அக்கா வீட்ல போய்க் கிடந்தாரு. வந்து வந்து தட்டுவாரு. விட்டுட்டேன், தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுவாரு. நான் உள்ளயிருந்து மூச்சுக்கூட விடமாட்டேன். எங்கம்மா சொன்னாங்க, பாஸ்டர் சொன்னாரு, யார் பேச்சையும் நான் கேக்கல. இவளுக்குக் கல்லு மனசுன்னு தெருவே பேசிச்சு.

— பேசட்டும். நீங்க செஞ்சதுதான் சரி.

— நானும் அப்படித்தான் இருந்தேன், உன் சாட்சியைக் கேக்கற வரைக்கும். வயசுப்பொண்ணு ஒருத்தி மேடையில நின்னு, எங்கண்ணனுக்கு எங்க வீட்ல யாரும் கதவை அடைக்கல, திறந்திருந்த கதவு வழியாத்தான் ஆண்டவரும் உள்ள வந்தாருன்னு சொல்றா. அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடல கண்ணு.

— அது பெரியண்ணன் சேத்துக்கச் சொன்னது.

— யார் சொன்னா என்ன, உண்மைதானே?

— அக்கா, அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வைங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நீ சொல்லு. கை பாட்டுக்குக் கை வேலை செய்யும்.

— எங்கண்ணன் மறுபடியும் குடிக்கறான்.

— என்ன சொல்ற?

— நாங்க இங்க கிளம்பி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டான். அம்மாவோட தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போய் வித்துட்டான். தடுக்கப்போன அம்மாவைத் தள்ளிவிட்டதுல அவங்க நெத்தி பிளந்துபோச்சு.

— அப்போ மேடையில நின்னப்போ உனக்கு இதெல்லாம் தெரியும்.

— தெரியும். பெரியண்ணன்கிட்டயும் சொன்னேன். ஜெபிச்சப்போ நடந்தது நிஜம்தானே, ஆண்டவர் செஞ்சதை எதுக்கு மறைக்கற, மிச்சத்தைச் சொல்லி விசுவாசத்துல பலவீனமானவங்களைக் குழப்பாதேன்னாரு.

— அவர் சொன்னாரு. நீ?

— நானும் வேணும்னுதான் சொன்னேன்க்கா. மறைக்காமச் சொல்றேன், எனக்கும் ஆசையா இருந்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ஜனங்க வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. அதுவும் இல்லாம, மேடையில நிக்கற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எங்கண்ணன் நல்லா இருந்தான்.

— அது சரி.

— திட்டறதுன்னா திட்டுங்க.

— அடுப்பை அணை.

— கிழங்கு இன்னும் வேகலையே.

— அணைன்னு சொல்றேன்ல. என் செருப்பை எங்க விட்டேன்?

— கோபப்பட்டுப் போகாதீங்கக்கா. நாளைக்கு அதே மேடையில நானே உண்மையைச் சொல்லிடறேன். பெரியண்ணன் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் பரவாயில்ல. உங்க வீட்டுக்காரர் அவங்க அக்கா வீட்லயே இருக்கட்டும். என் பேச்சைக் கேட்டு நீங்க கதவை மட்டும் திறந்துடாதீங்க.

— நேத்தே திறந்துட்டேன். தினமும் பிள்ளையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டுத்தான் வேலைக்கு வருவேன், இன்னைக்கு அவர்தான், லீவு நாள்தானே, பிள்ளையை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போய் அந்தப் பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டுட்டு வான்னு என்னை அனுப்பிட்டு, உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு.