தட்டிப் பார்க்காத காலை

உங்கள் நாற்காலியின் ஒரு கால் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் குட்டை, ஐயா. காலையிலிருந்து உங்களுக்கு வருகிற எரிச்சல் அதனால்தான். நீங்கள் அதை என் பேச்சின் தலையில் போடுகிறீர்கள். ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் நான் உங்களுக்கு நல்ல மனிதனாகத் தெரிவேன்.

இது நான் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. மாவனல்லையில் என் வாப்பாவுக்குப் புடைவைக்கடை. வாங்க வந்தவரை ஃபேனுக்குக் கீழே உட்கார வைப்பார். விற்க வந்தவரை வெயில் விழும் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே பிளேன்டீ. விற்க வந்தவரின் கோப்பையில் மட்டும் சீனி கொஞ்சம் குறையும். முதுகில் வழிகிற வியர்வையைத்தான் மனிதன் தன் மனம் என்று சொல்லிக்கொள்கிறான் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது.

முத்துவீரனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் குழிக்குள் மண் சரிந்து இறந்தான். என் எஞ்சின் கொட்டிலுக்குப் பின்னால் நீங்கள் கண்டெடுத்த கட்டை அந்தக் குழியில் முட்டுக் கொடுத்திருந்ததுதான். மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகச் சொல்ல விடுங்கள். அரைகுறையாகக் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

குருவிட்டைக்கு உள்ளே, றப்பர்த் தோட்டத்து எல்லையில் அந்த மாணிக்கக் குழி. உரிமம் ஒரு சிங்கள முதலாளியுடையது, மஹத்தயா என்போம். தண்ணீர் இறைக்கிற எஞ்சின் என்னுடையது. கிடைக்கிற கல்லை விற்றுக் கொடுப்பதும் நான்தான். முத்துவீரன் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மழை மாதங்களில் பால் வெட்ட முடியாதென்று குழி வேலைக்கு வந்தான், வந்தவன் நின்றுவிட்டான். முப்பதடி ஆழம் முழுக்க மரச்சட்டம் கட்டி முட்டுக் கொடுப்பது அவன் பொறுப்பு. தினமும் காலையில் நான் தண்ணீரை இறைத்து எஞ்சினை நிறுத்தியதும், அவன் மட்டும் இறங்குவான். கத்தியின் முதுகால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பான். சத்தம் சரியென்றால் மற்ற நாலு பேருக்கும் குரல் கொடுப்பான். அதுவரை அவர்கள் சந்தியில் ஸைனம்புவின் தேத்தண்ணிக் கடையில் இருப்பார்கள். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை எழும்ப மாட்டார்கள். தண்ணீர் இன்னும் வற்றவில்லை என்று அர்த்தம். ஆறு வருஷம் ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

தொண்ணூற்றெட்டில், மழை பிடித்த நேரம், மண் அரித்த கூடையில் ஒரு நீலக்கல் கிடந்தது. நான் வெற்றிலை போட்டிருந்தேன். கல் என் கடைவாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது முத்துவீரன் கொட்டிலுக்கு வந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தான். குழியில் எல்லோருக்கும் நான் 'நானா'தான், அண்ணன் என்கிற மாதிரி.

"நானா, ஒரு கட்டை காணோங்க. யாரு எடுத்தாங்கன்னு தெரியும். நம்ம ஆளுதான். தானாத் திருப்பி வச்சிட்டா நல்லது. இல்லாட்டி மாத்தயா வந்ததும் சொல்லிப்புடணும்."

அந்த இரைச்சலில் நான் கேட்டது 'கட்டை' அல்ல, 'கெட்டே'. குழிகளில் சிங்களவரும் நாங்களும் கல்லுக்கு அப்படித்தான் சொல்வோம். முத்துவீரனும் பாதிச் சிங்களத்தில்தான் பேசுவான். யாரென்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "பேரு எதுக்குங்க நானா" என்றான்.

மஹத்தயா கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு போயிருந்தார். வர இரண்டு வாரம். எங்கள் கல் வியாபாரத் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, ஐயா. லட்சக்கணக்கில் பெறுமதியான கல்லைத் துண்டுத்தாளில் சுற்றி, ஒரு கையெழுத்தும் வாங்காமல் என் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். நுஹ்மான் என்ற பெயர்தான் அதற்கு உத்தரவாதம். அது கெட்டால் என்னிடம் ஒருவரும் உப்புக்கல்லைக்கூடத் தரமாட்டார்கள். கல்லைத் திருப்பி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தாலும் அவன் பார்த்தது பார்த்ததுதானே.

நான் முரடனல்ல. அவனை ஒரு வார்த்தை அதட்டவில்லை. அவனுடைய காலைகளை மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

முத்துவீரன் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பான். வீட்டில் விசேஷம் என்று சொல்லி ஸைனம்புவிடமிருந்த கருப்பட்டி முழுவதையும் வாங்கிக்கொண்டேன். எஞ்சினின் புகைக்குழாயை, அவன் உட்கார்ந்து ரொட்டி தின்கிற கல்லின் பக்கம் திருப்பி வைத்தேன். இதற்கெல்லாம் சட்டத்தில் பிரிவு கிடையாது. பிறகு ஒருநாள் அவன் பெண்சாதியைப் பற்றிச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

"வெள்ளையம்மாட சிரிப்பு நல்ல சிரிப்பு முத்து. பால் நிறுக்கிற மடுவத்துல கணக்கப்புள்ளையோட கதச்சிக்கிட்டு நிக்கக்கொள்ள ரோட்டுக்கே கேட்டிச்சி."

"அவ எப்பவும் அப்படித்தாங்க நானா" என்று அவனும் சிரித்தான். மறுநாள் அவன் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள், கணக்கப்பிள்ளைக்கு ஊர் எது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று என்னிடமே விசாரித்தான். எனக்கென்ன தெரியும் என்றேன். சந்தேகத்துக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

மேலே நின்று அவன் தட்டுவதை எண்ணிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் ஒரு கட்டையைத் தவறவிட்டான். எட்டாம் நாள் தட்டினான், காதை வைக்கவில்லை. பதினோராம் நாள் பாதி ஏணியில் நின்றபடியே இரண்டு தட்டு, அவ்வளவுதான். கவனமான மனிதன் என்று ஊரே சொன்ன ஆள். கவனம் என்பது வயிறு நிறைந்து, வீட்டில் சண்டையில்லாத காலைகளில் வருகிற ஒரு பழக்கம், ஐயா. வேறொன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்து எல்லோரும் போகும்போது, உறிஞ்சுகுழாயின் வாயில் குப்பை அடைத்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் இறங்கினேன். மூலையில் குறுக்காகக் கொடுத்திருந்த முட்டு நினைத்ததைவிட இலகுவாக வந்தது. மண் உதிராமலிருக்கச் செருகியிருந்த தழையை இழுத்து அந்த இடத்தை மூடினேன். கண்ணுக்குத் தெரியாது. தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் நல்ல மழை. முத்துவீரன் கையில் ரொட்டிப் பொட்டலம் இல்லாமல் வந்தான், கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"மொகம் சரியில்லியே முத்து. வேணுமெண்டா இண்டைக்கு வீட்ல நில்லு."

"வீட்ல இருக்கிறதுக்குக் குழியே மேலுங்க நானா" என்று இறங்கினான்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. மண் சரிந்த சத்தம்தான் கேட்டது.

தோட்டத்து லயத்தில் அவன் சாவு வீட்டுக்கு முதலில் போனவர்களில் நானும் ஒருவன். வெள்ளையம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சண்ட போட்டுக்கிட்டுச் சாப்பிடாமப் போனாருங்க நானா. அங்கின வந்து ஏதாச்சும் சாப்பிட்டாரா?" ரெண்டு ரொட்டி தின்றான், கருப்பட்டியோடு தேத்தண்ணியும் குடித்தான் என்றேன். பொய்தான். ஆனால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சின்னச் சின்ன விஷயங்கள் மனிதர்களுக்கு எவ்வளவு செய்கின்றன பாருங்கள்.

அங்கேதான் ஸைனம்பு மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். குழிக்கரையில் சும்மா கிடந்த ஒரு கட்டையை எடுத்து ஆட்டுக் கொட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாளாம். முத்துவீரன் கண்டுவிட்டானாம். "மாத்தயா வரமுந்தித் திருப்பி வெச்சிடுங்கன்னு நாலு தரம் சென்னான் நானா. என்ட பேரச் சொல்லிக் குடுக்க அவனுக்கு மனசில்ல. இனி யாருக்கிட்ட குடுக்கிற?"

கட்டை. கெட்டே அல்ல. அவன் எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு, என் பெயருக்கு எப்போதுமே ஆபத்து இருக்கவில்லை என்று நினைத்தபோது நிம்மதியாகவும் இருந்தது. மறைத்து என்ன செய்ய.

இதுவரை சொன்னதை வைத்து, முட்டுக்கட்டையை எடுத்தது நான், தட்டாமல் இறங்கியது அவன் மனநிலை, பொறுப்பில் பாதிக்குப் பாதி என்று நான் பேரம் பேசலாம். பேசுவேன் என்றுதான் நீங்களும் காத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. மண் அவனை நெஞ்சுவரைக்கும்தான் மூடியது. தலையும் ஒரு கையும் வெளியே. "நானா, நானா" என்று கூப்பிட்டான். ஆள் நாலு பேர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். மேலிருந்து இன்னும் மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் எஞ்சினை முடுக்கிவிட்டேன். கடையிலிருந்தவர்கள் தண்ணீர் இன்னும் வற்றவில்லை என்று அடுத்த தேத்தண்ணிக்குச் சொல்லியிருப்பார்கள். அரை மணித்தியாலம் கழித்து நிறுத்திப் பார்த்தேன், குழி அமைதியாக இருந்தது. பிறகுதான் ஓடிப்போய் அவர்களைக் கூப்பிட்டேன். கொடூரம் என்று எழுதாதீர்கள், ஐயா. ஒரு மனிதன் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. எனக்கு இளகிய மனம்.