திரை ஓரத்துச் சின்னப் பெட்டி

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பால்கனியில் நின்று, காய்கறி வண்டிக்குக் கயிற்றில் இறங்கும் கூடைகளைப் பார்த்தால் போதும். அலெக்ஸாந்திரியாவில் இதை யாரும் வேவு பார்ப்பது என்று சொல்வதில்லை, அதிகாரி ஐயா. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள் நான். எனக்கு வித்தியாசம் தெரியும்.

கீழ்வீட்டு இஜ்லால் நல்லவள். வாய்தான் கொஞ்சம் நீளம். கனடாவிலிருக்கும் மகன் தாமிர் வாங்கிக் கொடுத்த கணினி அடிக்கடி மக்கர் பண்ணும். அங்கிருந்தபடியே சரிசெய்ய ஒரு செயலியைப் போடச் சொன்னான். நான்தான் போய்ப் போட்டேன்.

"கடவுச்சொல் ஒவ்வொரு தடவையும் மாறும் சித்தி. மாறாத மாதிரி ஒண்ணு வெச்சிடுங்க. அம்மாவுக்குப் படிச்சுச் சொல்ல வராது" என்றான் தொலைபேசியில்.

என் பிறந்த தேதியை வைத்தேன்.

"அப்பாடா, உன் நிஜ வயசு இப்பவாவது வெளிய வந்துச்சேடி" என்று இஜ்லால் சிரித்தாள்.

மேலே வந்து என் கணினியிலும் அதைப் போட்டுக்கொண்டேன். அவள் தனியாக இருப்பவள், ஒரு கண் இருக்கட்டுமே என்றுதான். வெளியிலிருந்து யாராவது அவள் கணினிக்குள்ளே வந்தால் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். மகன் வந்துவிட்டான் என்று அதற்கு முத்தம் கொடுப்பாளாம், அவளே சொன்னாள். அவன் எப்போது வருவானோ என்று கணினியை அணைப்பதே இல்லை.

போன வருஷம் அவள் அக்குளில் ஒரு கட்டி. ஆய்வகத்தின் கடிதம் மதியம் அவள் மின்னஞ்சலுக்கு வந்தது, அவள் தூங்கும் நேரம். ஆங்கிலத்தில் இருந்தது: உடனே அறுவை மருத்துவரைப் பார்க்கவும். ஏதாவது என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கனடாவுக்கே கூட்டிப்போவதாகத் தாமிர் முன்பே எழுதியிருந்தான். அந்தக் குளிர் அவளுக்கு ஆகுமா? கடிதத்தை அழித்தேன். வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று அவள் பெயரில் மகனுக்கு எழுதினேன். ஆய்வகத்தில் விசாரித்துவிட்டேன் என்று அவளிடமும் அதையே சொன்னேன். என் கூடையை இறக்கச் சொல்லி, ஒரு தட்டு பஸ்பூசா, அந்த ரவை இனிப்பு, வைத்து அனுப்பினாள். சர்க்கரை சற்று தூக்கல்.

பத்து மாதம் நிம்மதியாக இருந்தாள். பிறகு அவள் கூடையில் எலுமிச்சம்பழம் மட்டும்தான் ஏறியது. பிறகு கூடையே இறங்கவில்லை.

அவள் போன நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்த தாமிர், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று செயலி வைத்திருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறான்.

"இதுல நான் வந்தது பதினாலு தடவை சித்தி. மிச்சம் இருநூத்தி அறுபது தடவை வந்தது யாரு?"

"நான்தான் கண்ணு. உங்கம்மா தனியா இருக்கக் கூடாதேன்னு."

"ஆய்வகத்துக் கடிதம்?"

"அதுவும் நான்தான்."

அவன் கை ஓங்கவில்லை. நன்றாக வளர்த்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க எதுவுமில்லை. எனக்குக் குறை ஒன்றுதான். கடைசி மூன்று மாதம் அவளால் எழுந்து வந்து உட்கார முடியவில்லை. தினமும் கணினிக்குள்ளே போய்ப் பார்ப்பேன், திரையில் சுட்டி அசையாது. அந்தத் தனிமையை உங்களுக்குச் சொன்னால் புரியாது. இருபது படி இறங்கினால் அவள் வீடுதான். ஆனால் வலியில் முனகுகிறவளை நேரில் பார்க்கும் அளவுக்கு எனக்குக் கல்நெஞ்சு இல்லை.