வால்வு இல்லாத வண்டி

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் படகிலிருந்து நேராக வந்தவன் போல மீன் வாசனையோடு இருந்தான். தங்கை கம்பெனிச் சட்டை போட்டிருந்தாள்.

"இனிமே வர்ற வண்டிக்கு வால்வே கிடையாதாம்ணா," என்றாள் அவள், திடீரென்று.

"வால்வுன்னா இன்னா? நீ செய்றியே, அதுவா?"

"ஆமா. வண்டி இன்ஜினுக்குள்ள காத்த வுட்டு மூடுற மூடி மாதிரி. பதினாலு வருசமா வெரலால தடவியே கீறல் கண்டுபுடிக்கிறேன்."

"கரண்ட் வால்வு வருதுன்னு சொன்னியே?"

"கரண்ட்லயே தொறந்து மூடும், அதயும் நாமதான் செய்வோம்னு சொல்லினு இருந்தாங்க. இப்ப பேட்டரி வண்டிக்கு இன்ஜினே வேணாமாம். பொங்கலோட எங்க லைன மூடறாங்கன்னு நேத்துதான் சூப்பர்வைசர் சொன்னாரு. அவருக்கே நேத்துதான் தெரியுமாம்."

"வேற பக்கம் போடமாட்டாங்களா?"

"மோட்டார் பக்கம் டிப்ளமா படிச்சவங்களத்தான் எடுக்கறாங்க."

அண்ணன் ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"வேலைக்குப் போற மொத நாளும் அதுவுமா எப்படிணா சொல்றது? நான்தான் அவ காலேஜ நிறுத்தி, சூப்பர்வைசர் கால்ல வுழாத கொறையா கெஞ்சி, எங்க லைன்லயே சேத்துவுட்டேன்."

ஓட்டுநருக்குப் பின்னால், மடிப்புக் கலையாத அதே கம்பெனிச் சட்டையில் ஓர் இளம்பெண் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் சிரித்துக் கையை அசைத்தாள்.