சுண்ணாம்பு கலக்காத சேறு

கரண்ட் போனால் போகட்டும், இப்படி நெருங்கி உட்காருங்கள். எழிலன் இல்லாத நேரம் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். அவனுடைய சித்தப்பா செம்பியனுக்கு நடந்தது. அப்போது அவருக்கு நம் வயதுதான், அதனால் அவன் என்றே சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று பகலெல்லாம் தெம்பாகத் திரிகிறீர்களே... இது வந்தது உச்சி வேளையில்.

இரண்டாயிரத்து ஒன்பது, அக்கினி நட்சத்திரம். புவனகிரி தாண்டிக் கீரப்பாளையம் போகும் சாலை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த வயல். ஈ காக்கை இல்லை. செம்பியன் டிப்பர் ஓட்டிக்கொண்டு வருகிறான். பின்னால், கடலூர் உப்பனாற்றில் தோண்டிய சேறு.

ஆலைக் கழிவு ஊறின சேறு அது. அப்படியே கொட்டக்கூடாது. கரையில் போட்டு, சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து, இறுகவிட்டு, அதற்கென்று வெட்டிய குழியில்தான் புதைக்க வேண்டும். அந்த வேலைக்கு மேஸ்திரி, செம்பியனின் அக்கா புருஷன் வைத்திலிங்கம். அவர் சொன்னால் செம்பியனுக்கு மறுபேச்சு கிடையாது. கீரப்பாளையத்தில் இருந்த செம்பியனின் வீட்டு மனையோ பள்ளம், ஐப்பசி வந்தால் குளம். வைத்திலிங்கமே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒனக்கில்லாததா மச்சான்? கலந்து எறுகுன மண்ணு, வெஷமெல்லாம் செத்துப்போச்சி. குழிக்குப் போறத ஒம் மனைக்கு ஓட்டிக்க. வெளிய மட்டும் சொல்லாத."

ஒரு வாரமாக அடித்து நிரவியாயிற்று. மனையோரக் கொட்டகையில்தான் மனைவி வினோதினியும் குழந்தை சுவேதாவும் குடியிருந்தார்கள். இது கடைசி லோடு.

சாலையில் ஒருத்தன் கை காட்டினான். லூர்துசாமி... சேற்றில் சுண்ணாம்பு கலக்கும் மிஷினை ஓட்டுகிறவன். செம்பியனோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட கூட்டாளி. ஒரு வாரமாக ஆளைக் காணோம். பெண்ணாடம் கரும்பு ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று வைத்திலிங்கம் சொல்லியிருந்தார்.

ஏறி உட்கார்ந்தான். மார் வரை கருஞ்சேறு. அந்த வெயிலிலும் காயவில்லை... சொட்... சொட்... கேபின் முழுக்க அழுகின முட்டை நாற்றம், அதோடு மருந்து நெடி. கீரப்பாளையம் நெருங்கியதும் லூர்துசாமி வாயைத் திறந்தான்.

"அண்ணே... ஊட்டு மனையில கொட்டாதண்ணே. நான் கலக்கவே இல்ல. மேஸ்திரி கலக்க உடல."

திரும்பிப் பார்த்தால்... சீட்டில் சேறு மட்டும்.

செம்பியன் வண்டியை ஓரங்கட்டி, வைத்திலிங்கம் மாமாவுக்கு செல்லில் போட்டான்.

"மாமா... லூர்துசாமி எங்க?"

"லோடு கொட்டிட்டியா மச்சான்?"

"அவன் எங்கன்னு கேக்குறேன்!"

"மொதல்ல கொட்டு. கொட்டி நெரவிடு."

பேயைப் பார்த்த பயமே விட்டுப்போயிற்று செம்பியனுக்கு. ஏன் கேட்கிறாய் என்றுகூட மனுஷன் கேட்கவில்லையே! அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்றவர். சுண்ணாம்பு, சிமெண்டுக் காசை முழுங்கிவிட்டு, நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்.

லிவரைத் தூக்கினான். சேறு சாலையோரம் சரிந்தது. மேலாக மட்டும் விரலளவு வெள்ளைப் பொருக்கு, ஊருக்குக் காட்டத் தூவின சுண்ணாம்பு. உள்ளே மண்வெட்டியை விட்டால்... சளக். பச்சைச் சேறு. லூர்துசாமி உள்ளே கிடக்கிறானோ என்று பைத்தியம் பிடித்தவன் மாதிரி கிளறிப் பார்த்தான். அதில் ஆள் இல்லை. செம்பியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இதற்கு முன்னால் மனையில் கொட்டி நிரவிய லோடுகள்...

செல் அடித்தது. வினோதினி.

"ஏங்க, ஒங்க லூர்துசாமி அண்ணன் வந்துருக்காரு. சாப்புடக் கூப்புட்டா நின்ன எடத்த உட்டு வரமாட்டேங்குறாரு. சுவேதா அவருகிட்டதான் வெளையாடுது... ஆமா, மனை நடுவுல பள்ளம் ஏதாச்சும் தோண்டுனீங்களா? இடுப்புக்கு மேலதான் தெரியுறாரு."